அப்பாவுக்கு எந்தக் காது மிஷின்? மலையகத்திலிருந்து ஓர் ஒப்பீடு

கடை, தடை, படை, சடை. அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு இந்த நாலு சொல்லையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலு தடவையும் அவர் "கடையா? கடைக்கு என்னா?" என்றுதான் கேட்டார். குரலை உயர்த்தினேன். "ஏன் கத்துற, கேக்குதுதானே" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. என் சத்தம் அவருக்குக் கேட்டது. சொல்தான் போய்ச் சேரவில்லை.

அப்பா 31 வருடம் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். அதில் பாதிக்கு மேல் ரோலர் மிஷின்களுக்குப் பக்கத்தில். கையெட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேசவே கத்த வேண்டியிருந்தால் அங்கே சத்தம் 85 டெசிபலை எட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அது நாளுக்கு 8 மணித்தியாலம்வரை தாங்கக்கூடிய எல்லை. அதற்கு மேல் 3 டெசிபல் ஏற ஏற, தாங்கும் நேரம் பாதி பாதியாகக் குறையும்: 88க்கு 4 மணித்தியாலம், 91க்கு 2. இப்படி வருடக்கணக்கில் நின்றால் உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்க்கலங்கள் சாகின்றன. 4,000 ஹேர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும். உயிரெழுத்தின் ஒலி தணிந்தது, பலமானது. அது அப்பாவுக்கு இன்னும் கேட்கிறது. க், ச், த், ப் என்று ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள்தான் விழுவதில்லை. செத்த மயிர்க்கலம் மறுபடி முளைக்காது. மிஷின்தான் வழி.

எங்கள் ஊர்களில் அம்மா அப்பாவுக்கு மிஷின் வாங்குவது பெரும்பாலும் கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள். தீபாவளிக்கு வரும்போது கையோடு கொண்டுவருகிறோம். முதல் மிஷினை நானும் அப்படித்தான் வாங்கினேன். காதுக்குள் மறைந்துவிடும் சின்ன மிஷின், ஒரு பக்கத்துக்கு மட்டும். என் மூன்று மாதச் சம்பளம் அதற்குப் போனது. இரண்டு மாதத்தில் அது அலுமாரி லாச்சிக்குள் போய்விட்டது. இப்போது அப்பா போட்டிருப்பது வேறு. முதல் மிஷினுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தக் கொம்பனி மிஷின் என்று பார்ப்பதற்கு முன்னால், அதைத் திருத்தித் தருகிற ஆள் எத்தனை மணித்தியாலப் பயணத்தில் இருக்கிறார் என்று பாருங்கள்.

மிஷினுக்கு முன் காது

காது மந்தம் எல்லாவற்றுக்கும் மிஷின் தேவைப்படாது. குறும்பி இறுகி அடைத்திருந்தால், டொக்டர் அதை எடுத்துவிட்டாலே அன்றைக்கே கேட்கும். ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு விட்டுக் குடைவதையும் வெள்ளைப்பூண்டு காய்ச்சிய எண்ணெயைச் சுடச்சுட ஊற்றுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். செவிப்பறை கிழிந்திருப்பது தெரியாமல் ஊற்றும் எண்ணெய் நடுக்காதுவரை போகும். சீழ் வடியும் காதுக்கு மருந்து இருக்கிறது, தேவையானால் சத்திரசிகிச்சையும் இருக்கிறது. அதைக் குணப்படுத்தாமல் மிஷின் மாட்டினால் சீழும் நிற்காது, மிஷினும் தங்காது.

ஒன்றை மட்டும் அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை கேட்ட காது இன்றைக்குத் திடீரென்று அடைத்துப்போனால், சளி என்று நினைத்து ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உள்நரம்பில் வந்த பாதிப்பாக இருந்தால் ஸ்டெரொய்ட் மருந்தை முதல் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும். இரண்டு கிழமை தாண்டிவிட்டால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும்.

காதைப் பார்த்தபின் எடுப்பது ஓடியோகிராம், எந்த ஒலி எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் வரைபடம். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்கக் குறை கூடுகிறது. 20 டெசிபலுக்குள் இருந்தால் நல்ல காது, 35வரை லேசான குறை, 50வரை நடுத்தரம், 65வரை நடுத்தரத்தை மிஞ்சியது, 80வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. அப்பாவின் கோடு தாளின் இடப்பக்கம் சமதரையாக வந்து, 2,000 ஹேர்ட்ஸ் தாண்டியதும் மலைச்சரிவுபோல விழுந்திருந்தது. அந்தத் தாளின் பிரதி ஒன்றை எப்படியாவது கேட்டு வாங்குங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். அது கையில் இருந்தால் எந்த இடத்துக்கும் போய் விலை கேட்கலாம். யாரிடமும் கட்டுப்பட்டு நிற்க வேண்டியதில்லை.

எங்கே போவது

மூன்று வழி இருக்கிறது: அரசாங்க ஆஸ்பத்திரி, தனியார் நிலையம், கடையிலோ இணையத்திலோ நேரே வாங்குவது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற அந்தச் சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் வெறும் ஒலிபெருக்கிகள். அப்பாவுக்குக் குறைந்திருப்பது கூர்மையான ஒலி மட்டும். ஒலிபெருக்கியோ பஸ் ஹோர்ன், பானை விழும் சத்தம், பேத்தியின் குரல் எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றுகிறது. எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு பலவற்றில் கிடையாது. மிஞ்சியிருக்கும் கேட்கும் திறனையும் அது கெடுத்துவிடலாம். அமெரிக்காவில் 2022 ஒக்டோபரிலிருந்து டொக்டர் சீட்டு இல்லாமல் மிஷின் விற்கிறார்களே என்று ஒருவர் கேட்டார். அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, லேசான, நடுத்தரக் குறைக்கு, ஒலிக்கு உச்ச எல்லை போட்டு அனுமதித்த வகை. நம்ம ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பெட்டியை அதோடு சேர்க்க முடியாது.

அரசாங்கப் பக்கம். நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டைக் கிளினிக் இருக்கிறது. தோட்ட டிஸ்பென்சரியிலோ, டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற பக்கத்து ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. பார்ப்பதற்கும் சோதனைக்கும் பணமில்லை. அதைவிடப் பெரிய பலம், அங்கே உங்களைப் பார்ப்பவருக்கு எதையும் விற்க வேண்டிய தேவை கிடையாது. மிஷின் வேண்டாம், சத்திரசிகிச்சை போதும் என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை நாட்கள். கடிதத்துக்கு ஒரு நாள், கிளினிக்குக்கு ஒரு நாள், சோதனைக்குத் திகதி போட்டு இன்னொரு நாள். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆக்கப்பட்டது. கூடப் போகிறவரின் பேரையும், அதாவது அவர் இழக்கும் நாள் வேலையையும், சேர்த்துக் கணக்குப் போட்டால், இலவசச் சோதனைக்குக் குடும்பம் எவ்வளவு இழக்கிறது என்று தெரியும். அப்படியிருந்தும் முதல் கதவு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தனியார் நிலையங்கள் கண்டியிலும் கொழும்பிலும் அதிகம். அன்றைக்கே சோதனை, அன்றைக்கே காதுக்கு அச்சு, போட்டுப் பார்க்கப் பலவகை மிஷின். போனாக், ஒட்டிகொன், சிக்னியா, ரீசவுண்ட், வைடெக்ஸ், ஸ்டார்க்கி என்று உலகம் முழுக்க விற்கும் பெயர்களெல்லாம் ஐந்து பெரிய குழுமங்களுக்குள் அடக்கம், தரத்தில் பெரிய பள்ளம் மேடு கிடையாது. வித்தியாசம் அமைத்துத் தருபவரின் கையில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே சோதனை இலவசம் என்றால் அந்தச் செலவு மிஷின் விலைக்குள் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். நான் முதலில் போன நிலையத்தில் காது பார்க்க 10 நிமிடம், விலைப்பட்டியல் காட்ட முக்கால் மணித்தியாலம். "வெளிய தெரியாது, யாரும் செவிடுன்னு சொல்ல மாட்டாங்க" என்ற பேச்சில் நான் விழுந்தேன். அப்பாவின் விரலைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

இரண்டு பக்கமும் எங்களுக்கு இடிக்கிற ஒன்று மொழி. பீப் சத்தத்துக்குக் கை தூக்கும் சோதனைக்கு மொழி தேவையில்லை. சொல் விளங்குகிறதா என்று பார்க்கும் சோதனைக்குத் தேவை. ஓரிடத்தில் அப்பாவுக்குச் சிங்களச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். பாதியைச் சொல்லவில்லை, வெட்கத்தோடு வெளியே வந்தார். தாளில் "சொல் தெளிவு குறைவு" என்று எழுதியிருந்தது. காதை அளந்தார்களா, சிங்களத்தை அளந்தார்களா? தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழ்ச் சொற்களில் சோதிக்கும்படி கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால் நீங்கள் உள்ளே போய், வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு, நீங்களே சொல்ல அனுமதி கேளுங்கள். அது முறையான சோதனைக்கு ஈடாகாது, ஆனால் உண்மைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும்.

பிறகு பாதை. மிஷின் மாட்டிய முதல் மூன்று மாதத்தில் மூன்று நாலு தடவையாவது திரும்பப் போய்த் திருத்த வேண்டிவரும். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணித்தியாலம். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் என்றால் அதற்கு மேல். கொழும்பில் வாங்கியதால் அப்பாவை நான் ஒரே ஒரு தடவைதான் திரும்பக் கூட்டிப்போனேன். அந்த மிஷின் லாச்சிக்குப் போன கதை அதுதான். ஆகவே விலை பேசும்முன் கேளுங்கள்: திருத்த எங்கே வர வேண்டும், எத்தனை தடவைக்குப் பணமில்லை, மலையகத்தில் கிளை உண்டா அல்லது மாதத்தில் ஒரு நாளாவது வருவீர்களா, சில நாள் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாமா, உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் திருத்தும்வரை மாற்று மிஷின் கிடைக்குமா. சில புது மிஷின்களை ஓடியோலஜிஸ்ட், அதாவது காதை அளந்து மிஷினை அமைப்பவர், தன் இடத்தில் இருந்தபடியே போன் வழியாகத் திருத்த முடியும். வீட்டில் ஸ்மார்ட்போன் பழகிய ஒரு பிள்ளையும் சுமாரான சிக்னலும் இருந்தால் நான் கூடுதல் பணம் கொடுப்பது இந்த வசதிக்குத்தான். புளூடூத்தில் பாட்டுக் கேட்கும் வசதிக்குக் கொடுக்க மாட்டேன்.

எந்த வடிவம்

பெட்டரிகளுக்கு உலகம் முழுக்க ஒரே நிற அடையாளம். 10 மஞ்சள், 312 மண்ணிறம், 13 செம்மஞ்சள், 675 நீலம். காதுக்குள் மறையும் மிஷினுக்குப் பெரும்பாலும் 10. ஒரு மிளகை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ரோலரில் காய்த்துப்போன அப்பாவின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் அது நிற்கவே இல்லை. விழும், பலகைக்கு அடியில் ஓடும், டோர்ச் அடித்துத் தேடுவோம். அது மூன்று நாளிலிருந்து ஒரு கிழமை வரைதான் வரும் என்பதால் இந்தக் கூத்து அடிக்கடி நடந்தது.

காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய குழாய் வழியாகக் காதின் அச்சில் செய்த மோல்டுக்குள் ஒலியை அனுப்பும் வகைதான் எங்கள் மூத்தவர்களுக்குப் பெரும்பாலும் சரி என்பேன். அப்பா இப்போது போட்டிருப்பதும் இதுதான். 13ஆம் இலக்கப் பெட்டரியைக் கை பிடிக்கும், ஒன்று முதல் இரண்டு கிழமை வரும். லேசான குறையிலிருந்து மிகக் கடுமையானது வரை எட்டும். ஒலி எழுப்பும் பகுதி காதுக்கு வெளியே இருப்பதால் குறும்பியும் ஈரமும் அதைத் தொடாது. அந்தப் பகுதியை ஒரு கம்பி நுனியில் காதுக்குள்ளேயே வைக்கும் இன்னொரு வகை உண்டு. அழகானது, ஒலி இயல்பானது. அப்பாவைப்போல் தணிந்த ஒலி நன்றாகக் கேட்கிறவர்களுக்கு அது காதை அடைக்காமல் பொருந்தும். ஆனால் குறும்பி தடுக்கும் சின்ன வடிகட்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சீழ் வரும் காதுக்கு ஆகவே ஆகாது.

கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமாருக்கு இதில் ஒரு சிக்கல். கூடைக் கயிறு தலையிலிருந்து காதோரமாகத்தான் இறங்குகிறது. அது காதுக்குப் பின்னாலுள்ள மிஷினில் உரசும், கழற்றி மலைக்குள் எறிந்தாலும் எறியும். மழைக்குக் கொங்காணி போட்டால் உரசும் சத்தம் வேறு. மலைக்குப் போகும் நேரம் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம், அல்லது காதுக்குள் பொருந்தும் கொஞ்சம் பெரிய வகையைக் கேட்கலாம். அளவெடுக்கப் போகும்போது தலையில் கயிறு எங்கே வரும் என்று தொட்டுக் காட்டுங்கள். கண்டியில் இருப்பவருக்கு அது தானாகத் தெரிந்திருக்காது.

பழைய பொக்கெட் மிஷினை யாரும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். சட்டைப் பையில் பெட்டி, காதுக்கு வயர். கடுமையான குறையும் கைநடுக்கமும் உள்ள தாத்தாவுக்கு அதன் பெரிய திருகுதான் வசதி, பென்டோர்ச் பெட்டரி எந்தத் தோட்டக் கடையிலும் கிடைக்கும். துணி உரசும் சத்தம் கேட்கும் என்பதுதான் குறை.

பெட்டரியா, சார்ஜா? சார்ஜ் செய்யும் மிஷினில் விரல் வேலை இல்லை, இரவில் பெட்டியில் வைத்தால் அடுத்த நாள் முழுக்க வரும். அதற்காகவே நடுங்கும் கைகளுக்கு நான் அதைச் சொல்வேன். ஆனால் காற்றுமழை மாதங்களில் கரண்ட் போய் இரண்டு நாள் வராத லயத்து வீடுகளில் அது ஊமையாகிவிடும்; பவர்பேங்கில் சார்ஜ் ஆகும் பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளிருக்கும் பெட்டரியும் நாலைந்து வருடத்தில் தளரும். சாதாரணப் பெட்டரி என்றால் செலவைக் கணக்கிடுங்கள்: 10 நாளுக்கு ஒன்று என்றாலும் இரண்டு காதுக்கு வருடத்தில் 73. கிளினிக் போகும் நாளில் மொத்தமாக வாங்கி வைப்பது நல்லது. அது காற்றை உள்ளிழுத்து வேலை செய்வதால், ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் கூட நாள் வரும்.

எங்கள் குளிரில் இன்னொன்றும் நடக்கிறது. உடம்புச் சூட்டின் ஈரக்காற்று குளிர்ந்த குழாய்க்குள் போய் நீர்த்துளியாகப் படிகிறது. ஒரே ஒரு துளி குழாயை அடைத்தால் போதும், மிஷின் செத்துவிட்டது என்று நினைப்போம். மோல்டைக் கழற்றி, சின்ன ரப்பர் ஊதியால் குழாயை ஊதினால் சரி. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். அடுப்புக்கு மேல் பரணில் காயவைப்பது மிஷினைக் கொல்லும்.

ஒரு காதா, இரண்டா

இரண்டு காதும் ஒரேபோல் மந்தம் என்றால், விலை கூடிய ஒன்றை விட நடுத்தர விலையில் இரண்டு மேல். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிய இரண்டு காது வேண்டும், தேயிலை ரோட்டில் லொறி வரும்போது அது உயிர் காரியம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஒன்றோடு தொடங்குங்கள், இரண்டுக்கும் சேரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு மறதிநோய்க்கு வழிவிடும், நம்மால் குறைக்கக்கூடிய 14 காரணிகளில் கேட்கும் திறன் குறைவதையும் வைத்திருக்கிறது.

பணத்துக்குப் பலர் சேமலாப நிதியை உடைக்கிறார்கள். அதற்கு முன் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். டொக்டரின் சிபாரிசு, ஓடியோகிராம், கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று, அடையாள அட்டைப் பிரதி நாலையும் கொண்டுபோனால் ஒரு அலைச்சல் மிச்சம். அப்படிக் கிடைக்கும் மிஷினையும் ஓடியோகிராமுக்கு ஏற்ப அமைக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். பெட்டியோடு கையில் தந்து அனுப்பினால் அது பாதி மிஷின்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. பிறந்து 1 மாதத்துக்குள் காதுச் சோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் உதவி என்பது உலக வழக்கம். பிள்ளை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்று தோன்றினால் அடுத்த கிளினிக் நாளுக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

மாட்டிய முதல் கிழமை அப்பா மிஷினைக் கழற்றிக் கழற்றி வைத்தார். தன் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கிறது என்றார், தகரக் கூரையில் மழை தலைக்குள் பெய்கிறது என்றார். இரண்டும் எல்லோரும் சொல்வது. குடத்துக்குள் பேசுவதை மோல்டில் ஒரு சின்னத் துளை பெரிதாக்கிக் குறைத்தார்கள். முதல் நாட்களில் வீட்டுக்குள் ஒன்றிரண்டு மணித்தியாலம், பிறகு வாசல், பிறகு கோயில், கடைசியாக டவுன் என்று கூட்டினோம். ஒரு மாதம் ஒன்றரை மாதம் மூளைக்குக் கொடுக்க வேண்டும். விசில் அடித்தால் மோல்ட் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

காலையில் மிஷின் மாட்டியதும் அம்மா அவருக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலி சொல்லுவார். டானியல் லிங் என்பவர் வகுத்த சோதனை அது. தணிந்த ஒலியிலிருந்து மிகக் கூர்மையானது வரை இந்த ஆறுக்குள் வந்துவிடும். ஸ் கேட்காத அன்று பெட்டரியையும் குழாயையும் பார்க்கிறோம். கடை, தடை, படை மூன்றும் இப்போது பிரிந்து விழுகின்றன. சடை இன்னும் சில நாள் தடைதான்.

மோல்ட் குழாய் மஞ்சளித்து விறைத்துவிட்டது. சில மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும், வருகிற கிழமை கண்டிக்குப் போகிறோம். போன தடவை அங்கே போய் உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியதையெல்லாம் மறந்துவிட்டார் என்பதால் இந்தத் தடவை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்: தகரத்து மழைக்குக் குறைக்கணும். சின்னவ பேசுறது வேகம், அதுக்கு ஏதும் செய்யலாமான்னு கேக்கணும்.